மெட்டியைக் கழற்றிய சிவப்புக் கயிறு

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. காலை மணி பத்து ஐம்பது. கடலுக்கு இருபதடி மேலே, ஒரு பாறையின் நடுவில், இடுப்பில் கயிறு கட்டியபடி நின்றிருந்தேன். வலது காலை ஊன்ற முடியவில்லை. மேலே நாற்பதடி பாறை. கீழே ஒரு திட்டில் என் மகள் நின்றிருந்தாள். நான் ஏறினால்தான் அவள் ஏற முடியும். என்னால் ஏற முடியவில்லை.

நான் அரியலூர் மாவட்டம் விக்கிரமங்கலம் பக்கத்தில் ஒரு விவசாயப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தில் சொந்த டைரியும் எழுதுவேன். இங்கே சொல்லும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை. பாறைக்குக் கீழே இருந்தபோது என் கையில் கடிகாரம் இல்லை. அந்த நேரங்களை மட்டும் மகளின் போனைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

முந்தின ஆடியில் எங்கள் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். அதுவரை தலைவலி என்றுகூடப் படுத்தவரில்லை. திருச்சியில் ஆபரேஷன். அவரை உள்ளே கொண்டுபோனதும், ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சிறுவாச்சூர் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த ஆடி வரைக்கும் திங்கள் தவறாமல் மாவிளக்கு போடுகிறேன். அதுவரை தாலியையும் மெட்டியையும் ஒரு நிமிடம்கூட உடம்பை விட்டு இறக்க மாட்டேன். அவரை எனக்குக் கொடு.

கொடுத்தாள். ஆனால் நான் நிம்மதியாக வாங்கிக்கொள்ளவில்லை. டைரியில் மழைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அவர் நாடித்துடிப்பை எழுத ஆரம்பித்தேன். காலை, மதியம், மாலை. தூங்கும்போது மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பேன். "ஒங்கம்மா என்னை மழைமானி ஆக்கிட்டா" என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது மாதம் அப்படியே போனது. நான் ஏழு கிலோ குறைந்தேன்.

எங்கள் மகள் யாழினிக்கு இருபத்து நான்கு வயது. சென்னையில் வேலை. அங்கே சுவரில் ஏறிப் பழகும் ஒரு கூடத்துக்குப் போவாள். கன்னியாகுமரிப் பக்கம் முட்டத்துக்கு அப்பால், கடலோரப் பாறையில் கயிறு கட்டி ஏறக் கற்றுத்தரும் ஒரு பெண் இருக்கிறார் என்று தெரிந்து, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு நாள் பேசி வைத்துவிட்டாள். "ஒரு நாள் என்னோட வாம்மா. ஒரு நாள் அப்பாவோட கையப் புடிக்காம இரு" என்றாள். கிடைத்த நாள் திங்கட்கிழமை.

மாவிளக்கு என்ன ஆவது என்று கேட்டேன்.

"நான் போயி போடுறேன். எனக்குத்தானே வேண்டிக்கிட்ட" என்றார் வீட்டுக்காரர்.

"மாவு அங்கேயே இடிக்கணும். நீங்க உலக்கையத் தொடக்கூடாது. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"தொடல. பார்த்துக்கிட்டு நிக்கிறேன். போயிட்டு வா செல்வி."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிறுவாச்சூரில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நடை திறக்கும். அரிசியை அங்கேயே ஊறப்போட்டு, அங்கேயே உரலில் இடித்து விளக்கு போடுவோம். முந்தின வெள்ளிக்கிழமை போனபோது பூசாரி கொடுத்த சிவப்புக் கயிற்றை வீட்டுக்காரர்தான் என் வலது மணிக்கட்டில் கட்டினார். நீளமான கயிறு. நாலு சுற்றுச் சுற்றி முடிந்தார்.

ஞாயிறு இரவு அரியலூரில் ரயில் ஏறி, மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாறை உச்சியில் இருந்தோம். சொல்லிக்கொடுக்கும் பெண்ணின் பெயர் செலின். முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளே ஒரு காலத்துக் கடல் சிப்பி இருக்கும். கடலோரத்தில் இருக்கும் அந்தப் பாறையில் ஒரு சிப்பி இல்லை, முழுக்கக் கருங்கல். நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது செலின் வந்தார்.

"எக்கா, மோதிரம், வளையல், வாட்ச், மிஞ்சி எல்லாத்தையும் கழட்டிருங்க. தாலிய உள்ள போட்டு ஊக்கு குத்திக்கலாம். கையில உள்ள சாமிக் கயிறு இருக்கட்டும், அது இழுத்தா அறுந்துரும்."

வளையல், மோதிரம், வாட்ச் மூன்றையும் கழற்றிப் பையில் வைத்தேன். பிறகு திரும்பி உட்கார்ந்து சாக்ஸைப் போட்டுக்கொண்டேன். அவர் மிஞ்சி என்று சொன்ன மெட்டி உள்ளேயே இருந்தது.

"எல்லாம் கழட்டியாச்சா எக்கா?"

"ஆச்சும்மா" என்றேன்.

அது பொய். இதை எழுதாமல் விட்டால் மற்றது எதையும் எழுதுவதில் அர்த்தம் இல்லை.

பாறை ஏறும் ஷூ சாதாரண ஷூ மாதிரி இல்லை. விரல் மடங்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கும். முதலில் மேலேயே ஒரு சின்னப் பாறையில் ஒன்றரை மணி நேரம் பழகினோம். விரல் உறுத்தியது. புது ஷூ அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பத்தேகாலுக்குச் செலின் எங்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கீழே இறக்கினார். அறுபதடி கீழே, தண்ணீருக்கு மேலே நாலைந்து அடி உயரத்தில் ஒரு திட்டு. கட்டில் அகலம் இருக்கும். பாறையில் அடித்திருந்த கொக்கியில் எங்கள் இருவரையும் மாட்டிக்கொண்டோம். செலின் உச்சியில் நின்று கயிற்றைப் பிடிப்பார். முதலில் நான், பிறகு யாழினி என்று ஏற வேண்டும்.

பத்து நாற்பதுக்கு ஏறத் தொடங்கினேன். இருபதடியில் வலது காலின் இரண்டாவது விரலை ஒரு விளிம்பில் வைத்து உடம்பைத் தூக்கினேன். உள்ளே மெட்டி வளைந்தது. அது வளைந்ததை உணர்ந்தேன். கால் முழுக்க மரத்துப்போனது. இரண்டு தடவை முயன்று இரண்டு தடவையும் வழுக்கினேன். செலின் என்னைத் திட்டுக்கே திரும்ப இறக்கினார்.

அப்போதுதான் கடலைப் பார்த்தேன். காற்று இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஆனால் தண்ணீர் மேலே வந்திருந்தது. அலை உடையாமல், அப்படியே மொத்தமாக எழும்பி எழும்பி இறங்கியது. திட்டின் ஓரம் நனைந்துவிட்டது.

மேலிருந்து செலின் கத்தினார். "கள்ளக்கடல் எழும்புது. பயப்படாதீங்க, ஆனா நிக்கவும் முடியாது. ஒடனே ஏறணும்."

காற்றே இல்லாமல் தூரத்திலிருந்து வரும் அலைக்கு அங்கே அந்தப் பெயர். காலையில் அவர் விசாரித்தபோது அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. அது யாருடைய தவறும் இல்லை. என் தவறு ஷூவுக்குள் இருந்தது.

யாழினி லேஸை அவிழ்த்து ஷூவை இழுத்தாள். சாக்ஸை உரித்தாள். விரல் கறுத்து, கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. வெள்ளி மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது. மெட்டி மாட்டிக்கொண்டது என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

"மா. கழட்டிட்டேன்னு சொன்னியே."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"இத எடுத்தாத்தான் கால ஊன முடியும். காட்டு."

"வேண்டாம்டி. அது அப்பாவுக்காக. ஆடி வரைக்கும் எடுக்கக்கூடாது."

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. உனக்கு ஆயிரும்."

"நீ ஏறிப் போ. என்னை அப்புறம் மேலேருந்து இழுக்கட்டும்."

"ஒன்ன இழுத்து முடிக்க எவ்ளோ நேரம் ஆவும்னு தெரியுமா? நீ போனாத்தான் நான் போவேன். நீ அப்பாவுக்கு நேந்துக்கிட்ட மாதிரி இது நான் நேந்துக்கிட்டதுன்னு வச்சுக்க."

இதைச் சொல்லும்போதே ஒரு எழுச்சி வந்து எங்கள் இரண்டு பேரையும் இடுப்பு வரை நனைத்தது. திரும்பும்போது காலை இழுத்தது. கொக்கிதான் பிடித்து வைத்தது. யாழினியின் முகம் வெளுத்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், அவள் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு இவள் உயிரை விடப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கை மெட்டிக்குப் போகவில்லை. எடுத்த அந்த நிமிடம் அங்கே அவர் விழுந்துவிடுவார் என்றே மனம் சொன்னது. என் வாழ்க்கையில் அவ்வளவு இருட்டான நேரம் வேறு இல்லை. வெளியே நல்ல வெயில்.

கண்ணை மூடினேன். ஆஸ்பத்திரியில் வேண்டியதுபோல் வரிசையாக வேண்ட வரவில்லை. இவ்வளவுதான் சொன்னேன். "அம்மா, நான் சொன்ன வார்த்தையை என்னால் எடுக்க முடியவில்லை. நீ எடு. இந்தப் பிள்ளையை மேலே ஏற்று."

கண்ணைத் திறப்பதற்குள் மேலிருந்து சத்தம் கேட்டது.

"எக்கா, கேக்குதா? மிஞ்சி மாட்டிக்கிட்டா நூல் சுத்தி எடுக்கலாம். கையில நூல் ஏதாவது இருக்கா? கயிறு?"

யாழினியும் நானும் ஒரே நேரத்தில் என் மணிக்கட்டைப் பார்த்தோம்.

நாலு சுற்றுச் சிவப்புக் கயிறு. அம்மன் பாதத்தில் வைத்தது. அவர் கையால் கட்டியது. நான் கையை நீட்டினேன். யாழினி பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தாள். செலின் மேலிருந்து சொல்லச் சொல்லச் செய்தாள். கயிற்றின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் நுழைத்தாள். மீதியை மெட்டியிலிருந்து விரல் நுனி வரை இடைவெளி இல்லாமல் இறுக்கிச் சுற்றினாள். வீக்கம் அமுங்கியது. வலியில் பாறையில் தலையை முட்டிக்கொண்டேன். பிறகு அடியில் நுழைத்த முனையைப் பிடித்து மெதுவாக அவிழ்த்தாள். ஒவ்வொரு சுற்று அவிழும்போதும் மெட்டி அடுத்த சுற்றின் மேல் ஏறி முன்னால் நகர்ந்தது. கடைசிச் சுற்றில் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

அப்போது மணி பதினொன்று பதினெட்டு.

வைக்க இடம் இல்லை. மெட்டியை வாய்க்குள் கன்னத்தோரம் ஒதுக்கிக்கொண்டேன். கயிற்றை யாழினி தன் கையில் சுற்றிக்கொண்டாள். வலது காலில் ஷூ இல்லாமல் ஏறினேன். கருங்கல்லில் வெறுங்கால் நன்றாகப் பிடித்தது. வாயில் வெள்ளியும் உப்பும். பதினொன்று முப்பத்தொன்றுக்கு உச்சியில் கையை வைத்தேன். நாற்பதுக்கு யாழினி வந்துவிட்டாள். பன்னிரண்டுக்குச் செலின் கீழே பார்க்கச் சொன்னார். நாங்கள் நின்ற திட்டு தண்ணீருக்குள் இருந்தது.

நான் மெட்டியை வாயிலிருந்து எடுத்துச் செலினிடம் காட்டினேன். "உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்மா. மன்னிச்சுக்கங்க."

அவர் கோபப்படவில்லை. கயிற்றை வளையமாகச் சுற்றிக்கொண்டே சொன்னார். "இனிமே யாருக்கும் சாக்ஸ் நான்தான் போட்டுவிடுவேன், கேட்டீங்களா எக்கா."

"நூல் சுத்துறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க சித்தி மோதிரம் இப்படித்தான் எடுத்தோம். அவங்க ஆள் தடி, விரலும் தடி. ஏன் இப்போ ஞாபகம் வந்துச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரியும்.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. என் கையில் மெட்டி. காலில் இல்லை. அந்த ஐந்து நிமிடமும் யாழினி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஐந்துக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"என்ன செல்வி, ஏறிட்டியா?"

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. உலக்கையப் பாத்துக்கிட்டு நின்னேன், சும்மா ரெண்டு இடிதான் இடிச்சேன். பக்கத்துல ஒரு அம்மா புடுங்கிட்டாங்க. அண்ணே, இது மாவா ரவையா, தள்ளி நில்லுங்கன்னுட்டாங்க. நாலு பேரு சேந்து இடிச்சுக் குடுத்தாங்க. வெளக்கு போட்டாச்சு. நீ ஏன் அழுவுற?"

நான் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, என் காலைத் தூக்கி மடியில் வைத்து விரலைப் பார்த்தார். விரலை மெதுவாக நீவிவிட்டார். பிறகு, "என் உயிர அந்தச் சின்ன விரல்லயா வச்சிருந்த?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் சிறுவாச்சூர் போனோம். நேர்த்தியை முடிக்கும் முன்னால் மெட்டியை எடுத்துவிட்டேன் என்று அம்மன் முன்னால் நின்று சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அங்கே நின்றதும் நன்றி மட்டும்தான் வாயில் வந்தது. அவளுடைய கயிறுதானே எடுத்தது. அவரை ஆடியிலேயே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒன்பது மாதமாக அதை நம்பாமல் காவல் காத்தது நான்தான்.

இப்போது வேறு மெட்டி போட்டிருக்கிறேன், கொஞ்சம் தளர்வாக. சிவப்புக் கயிறு யாழினியிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்கவில்லை. என் டைரியில் மழைக்குப் பக்கத்துக் கட்டம் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து காலியாக இருக்கிறது. அவரே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் போகிறார், மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். முதல் வாரம் மூக்குக்கு நேரே விரல் தானாகப் போனது. மடக்கிக்கொண்டேன். இப்போது போவதில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கலாம். பிள்ளையை நினைத்தோ கணவரை நினைத்தோ எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டிய பிறகு அம்மனிடமே விட்டுவிடுங்கள். நான் ஒன்பது மாதம் தாமதமாகத்தான் விட்டேன், அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. திங்களோ வெள்ளியோ சிறுவாச்சூர் வாருங்கள். அரிசி மட்டும் கொண்டுவந்தால் போதும். இடிக்கத் தெம்பு இல்லையென்றால் உரல் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். யாராவது கையிலிருந்து உலக்கையை வாங்கிக்கொள்வார்கள். பெரும்பாலும் நானும் அங்கே இருப்பேன்.