தோற்ற நாளில் வெடித்த சரவெடி

இந்திய அணி தோற்ற நாளில் எங்கள் வீட்டு ஆண்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதைவிட, மழைத்தண்ணீர் ஏறிய மட்டாஞ்சேரிச் சந்தில் குடியிருப்பது சுலபம். தண்ணீரையாவது வாளியால் இறைத்துக் கொட்டிவிடலாம்.

அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். சோற்றைத் தொடமாட்டார். மறுநாள் வரும் பத்திரிகையை மடிப்புக்கூடக் கலைக்காமல் பழைய பேப்பர் கட்டின் மேல் வைத்துவிடுவார். சித்தப்பா நேர் எதிர். இனி ஜன்மத்துக்கும் கிரிக்கெட் பார்க்கமாட்டேன் என்று சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வார். அடுத்த ஆட்டம் எத்தனை நாள் கழித்து வருகிறதோ அத்தனை நாள் அந்தச் சத்தியம் உயிரோடு இருக்கும். பள்ளுருத்தியிலிருந்து ஆட்டம் பார்க்க வரும் மாமாவோ, ஆட்டத்தை விற்றுவிட்டார்கள் என்பார். யார் விற்றது, யார் வாங்கியது எல்லாம் அவருக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்திலேயே தெரிந்துகொண்டு வந்திருப்பார். அம்மா மட்டும் சமையலறையிலிருந்து, "விளையாடினவனெல்லாம் குளிச்சு சாப்ட்டு உறங்கியிருப்பான். இங்க என்னடான்னா எழவு வீடு" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

இவர்களோடு நான்காவதாக ஒருவர் உண்டு. எதிர்வீட்டு இக்கா. எங்கள் ஊரில் முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார், நானும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வேலை. அவர் வீட்டிலும் டிவி இருந்தது. ஆனாலும் ஆட்டமென்றால் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலி போட்டாலும் உட்காராமல், சித்தப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டுக்கொள்வார். நான்கு பேரில் மிகவும் துன்பப்படுகிறவர் அவர்தான். விக்கெட் விழும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "போச்சா? போயில்லே?" என்று உள்ளிருந்தே கேட்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதிரில் பாகிஸ்தான். காலையிலேயே சித்தப்பா பெரிய அட்டைப்பெட்டி நிறையச் சரவெடி வாங்கி வந்துவிட்டார். ஜெயித்ததும் முதல் சரத்தை நான்தான் கொளுத்தவேண்டும் என்று என் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்தார். நான் ஊதுபத்தியைப் பொறுக்கி எடுத்து, தீப்பெட்டியைப் பாவாடை முடிச்சில் சொருகிக்கொண்டு, மதியம் முழுக்கத் தயாராக இருந்தேன். கிரிக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது முடிந்தால் வெடி வெடிக்கலாம் என்பதுதான்.

அது முடிவதாக இல்லை. நான்கு விக்கெட், ஐந்து, ஆறு. அம்மா போட்டுவைத்த சாயா வரிசையாக ஆறி ஆடை கட்டியது. எட்டாவது விக்கெட் விழுந்ததும் இக்கா எழுந்துவிட்டார். "எனக்கு இனி காண வய்யா" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சந்தின் எதிர்ப்பக்கத்துத் தன் வீட்டுக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கால்மணி நேரத்தில் மிச்ச இரண்டும் விழுந்து ஆட்டம் முடிந்தது. அப்பா மௌனத்தில் இறங்கினார். சித்தப்பா சாமி படத்தைத் தேடிப் போனார். போகிற வழியில் அட்டைப்பெட்டியைக் காலால் ஒரு எத்து எத்தினார். அது மாடிப்படிக்குக் கீழே போய் நின்றது.

"சித்தப்பா, வெடி?"

"அது ஒண்ணுதான் கொறவு இப்போ. போடி அந்தாண்ட."

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. யாரோ எங்கோ மட்டையை ஒழுங்காகப் பிடிக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்வது? தலையில் கைவைத்துச் சொன்ன சொல் என்ன ஆவது? மழைக்காலம் வேறு வரப்போகிறது. நமுத்துப்போன வெடியை வைத்துக்கொண்டு அடுத்த வெற்றியில் யார் வெடிப்பது? யார் ஜெயித்தார்கள் என்று வெடிக்கா தெரியப்போகிறது?

ஒரு சரத்தை உருவி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். எங்கள் வீட்டு முன்னால் கொளுத்தினால் பிடித்துவிடுவார்கள் என்று சந்தின் எதிர்ப்பக்கம் இக்கா வீட்டு மதிலோரம் வைத்துத் திரியைப் பற்றவைத்து, ஓடிப்போய் எங்கள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சரம் முழுக்க வெடித்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கையை எடுத்தபோது சந்து நிறையக் காலடிச் சத்தம். மாமாவும் சித்தப்பாவும் முன்னால். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர். அவர்களுக்குப் பின்னால், அன்று சாயங்காலம் முதல்முறையாக எழுந்து நடந்த அப்பா. எல்லோரும் மதிலோரம் கிடந்த சிவப்புக் காகிதத் தூளைப் பார்த்தார்கள். பிறகு இக்காவின் சாத்திய கதவைப் பார்த்தார்கள்.

"எட்டு விக்கெட்டுலயே எழுந்து போனாரே" என்றார் மாமா, மெதுவாக.

யாரோ கதவைத் தட்டினார்கள். இக்கா திறந்தார். முகம் கழுவியிருந்தார், ஆனாலும் கண் சிவந்திருந்தது. பின்னால் அவருடைய மனைவி, அவள் முந்தானையைப் பிடித்தபடி என் வகுப்பில் படிக்கும் மகள்.

"எந்தா?"

"ஒண்ணுமில்ல இக்கா" என்றார் மாமா. "இங்க படக்கம் பொட்டுற சத்தம் கேட்டுது. அதான் சோதிச்சோம்."

எங்கள் ஊர்த் தமிழில் சோதிப்பது என்றால் கேட்பது, விசாரிப்பது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அதன் அர்த்தம் வேறு. அன்று மாமா சொன்னது எதுவென்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

இக்கா காகிதத் தூளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தபோது சித்தப்பா தன் செருப்பைப் பார்த்தார். கடைசியில் அப்பாவைப் பார்த்தார். அப்பா எப்போதும்போல, தோற்ற நாளின் வழக்கப்படி, பேசாமல் நின்றார்.

"என்ட வீட்டில படக்கமில்ல" என்றார் இக்கா. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். "வேணும்னா கேறி நோக்கிக்கோ."

யாரும் உள்ளே போகவில்லை. யாரும் திரும்பியும் போகவில்லை.

அப்போதுதான் என் காது பற்றியெரிந்தது. அம்மா. கருமருந்து வாசனை என்னைக் காட்டிக்கொடுத்திருந்தது. காதைப் பிடித்தபடியே என்னைச் சந்தின் நடுவுக்கு இழுத்துவந்து நிறுத்தி, என் முடிச்சிலிருந்த தீப்பெட்டியை உருவி மாமாவின் கையில் வைத்தாள்.

"இந்தா, இவதான். சோதிச்சாச்சா? போதுமா எல்லாருக்கும்?"

மாமா தீப்பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சந்தே சிரித்தது. சித்தப்பா மிகவும் சத்தமாகச் சிரித்தார். இக்காவின் தோளில் தட்டி, "ஒண்ணும் தோணக்கூடாது இக்கா, பிள்ளைங்க காரியம்" என்றார். மாமா தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என்ன இருந்தாலும் ஆட்டத்தை விற்றுவிட்டார்கள் என்று பேச்சை மாற்றினார். இக்காவும் சிரித்தார். குனிந்து என் தலைமுடியைக் கலைத்து, "சாரமில்ல, போட்டும் மோளே, ஜெயிக்கும்போ நம்ம ஒண்ணிச்சு வெடிக்கலாம்" என்றார். உள்ளே போனதும் தாழ்ப்பாள் இரண்டையும் போடுகிற சத்தம் கேட்டது. பெரியவர்களுக்கும் வெடிச் சத்தம் பயமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அம்மா சமையலறையில் அப்பாவைத்தான் பிடித்தாள்.

"இத்தனை வருஷமா பக்கத்துல இருந்து கிரிக்கெட் களி கண்ட மனுஷன். நீங்க வாயத் தொறக்கலயே."

"நான் ஒண்ணுமே சொல்லலயே" என்றார் அப்பா.

"அதத்தான் நானும் சொல்றேன்."

வழக்கமாகத் தோற்ற நாளில் அம்மா மூன்று தடவையாவது அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவாள். அன்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவர் பங்கு மீன் வறுவலையும் எனக்கே வைத்தாள். குற்றம் செய்தவளுக்கு இரண்டு பங்கு, ஒன்றுமே செய்யாத அப்பாவுக்குப் பட்டினி. நியாயம் புரியாவிட்டாலும் மீனை விடவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தபோது, இக்கா ஏணி போட்டு மாடிக் கைப்பிடியில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். தேசியக்கொடி. நல்ல பெரிய துணிக்கொடி. எங்கள் வாசலைப் பார்த்தாற்போல. கீழே அவர் மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுதந்திர தினமும் இல்லை, குடியரசு தினமும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. எனக்குப் பொறாமை பொங்கியது.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, நம்ம வீட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு வாங்கலாம்ப்பா."

அப்பா தலையைத் தூக்கி எதிர்வீட்டைப் பார்த்தார்.

"நமக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன், அவங்களுக்கு மட்டும் வேணுமா?"

அவர் குனிந்து, ஏற்கெனவே மாட்டியிருந்த செருப்பின் வாரை மறுபடியும் சரிசெய்தார். அப்பா சரியான கஞ்சன் என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அவரோடு பேசாமலே நடந்தேன்.