தொண்ணூற்று மூன்று கிலோவுக்கு ஒரு படகு

வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பட்டியலில் படகு வரைகிறவளையும் சேர்க்க வேண்டும் என்று போர்ட் பிளேரில் யாருக்கும் தோன்றுவதில்லை. அளவெடுத்துப் பிழைக்கும் தையல்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்காவது புரியும்.

கல்யாண எடை

எங்கள் பட்டறையில் நான் அதுவரை வரைந்ததெல்லாம் டூரிஸ்டுகளுக்குப் பவளம் காட்டும் கண்ணாடி அடிப் படகுகள். காண்டிராக்டர் செல்வராஜ்தான் முதன்முதலாகப் பந்தயப் படகு கேட்டு வந்தார். அவரும் மனைவி மீனாவும் ஓட்ட ஒரு கேட்டமரான்: ஹல் எனப்படும் ஒல்லியான படகு உடல்கள் இரண்டைக் குறுக்கே இணைத்து, நடுவில் பாய் ஏற்றியது. பல வருஷமாக இப்படி ஒன்றை வரைய எனக்கு ஆசை. "இது சொதப்பினா மறுபடி கண்ணாடிப் படகுதாம்மா" என்று முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

காற்று பாயைச் சாய்க்கும்போது, ஓட்டுகிறவர்கள் எதிர் ஓரத்தில் உட்கார்ந்து தங்கள் கனத்தால் படகைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஆகவே ஆள் எடை தெரியாமல் பென்சிலை எடுக்க முடியாது. மீனா ஐம்பத்து நாலு என்றார். செல்வராஜ் அறுபத்தெட்டு என்றார். நான் அவர் தொப்பையைப் பார்த்தேன். மரியாதைக்காக ஐந்து கிலோ மட்டும் கூட்டி எழுதிக்கொண்டேன். செல்வராஜ் விடவில்லை.

"நெசமாத்தான் மேடம், கல்யாணத்தப்பப் பாத்தது."

ஒல்லியா, குண்டா?

ஹல் எவ்வளவு ஒல்லியாக இருக்கலாம்? எனக்குத் தூக்கம் போன கேள்வி இதுதான். ஃபைபர் வேலை செய்யும் பிஸ்வாஸ், வட அந்தமான் திக்லிபூர் வங்காளி, முழ நீளத்தில் இரண்டு மாதிரிகள் செய்து தந்தார். ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு. நான் எழுதிக்கொண்ட எடைக்குத் தக்கபடி இரண்டிலும் மணல் போட்டோம். ஒரு மூங்கிலின் இரு முனையிலும் அவற்றைக் கட்டி, மூங்கிலின் நடுவில் கயிறு போட்டு டிங்கி என்ற சின்னப் படகின் பின்னால் இழுத்தோம். எதற்குத் தண்ணீர் அதிகம் முரண்டு பிடிக்கிறதோ அது பின்தங்கும். படகுத்துறையில் நின்றவர்கள் மீன் மாட்டுதா என்று கேட்டார்கள். நாங்கள் மூங்கிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒல்லி மெல்ல முன்னேறி ஜெயித்தது. பிஸ்வாஸ் பாதி இந்தியில் கத்தினார்.

"தீதி, ஒல்லிவாலா ஜீத் கயா! மோட்டா தூங்குது!"

பாக்கு மண்டி

படகை இறக்கிய அன்று செல்வராஜ் ஏறினார். பின்பக்கம் அப்படியே அமுங்கி, கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. என் கணக்கு தப்பா என்று தாளை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தேன். மறு நிமிஷமே கோபம் வந்தது. கரைக்குப் பக்கத்தில் இருந்த பாக்கு மண்டிக்கு அவரைக் கூட்டிப் போய், மூட்டை நிறுக்கும் தராசில் நிற்கச் சொன்னேன். தொண்ணூற்று மூன்று. செல்வராஜ் காது சிவந்துபோனார். மீனாதான் வாயைத் திறந்தார்.

"பத்து வருஷமா நான் சொல்லி நம்பல மேடம். பாக்குத் தராசு சொன்னாத்தான் நம்புவாரு."

மணல் மூட்டை

பாய்ப்படகுப் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தது. செல்வராஜ் கட்டட வேலைக்குக் கார் நிக்கோபார் தீவுக்குப் போய்விட்டார். பிஸ்வாஸ் ஹல்களின் வால் பக்கத்தை அறுத்து, ஒன்றரை அடி நீட்டினார். கனமான ஆள் ஓரத்தில் உட்கார்ந்தால் பெரிய பாய் தாங்கும் என்பதால் பாயையும் பெரிதாக்கினேன். தொண்ணூற்று மூன்று கிலோ மணல் மூட்டையை அவர் இடத்தில் கட்டி வைத்து, மீனா தினமும் ஓட்டிப் பார்த்தார். படகு பறந்தது. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

போட்டியன்று காலைக் கப்பலில் வந்த செல்வராஜ், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நேரே படகில் ஏறினார். முதல் மிதவையைச் சுற்றும்போது எங்கள் படகுதான் முன்னால். அப்புறம் ஒரு பலத்த காற்று. ஒரு ஹல் மேலே எழுந்தது, எழுந்துகொண்டே போனது, குப்புறக் கவிழ்ந்தது. "கவிழ்ற வரைக்கும் நம்ம படகுதானே முன்னால? அடுத்ததையும் வரைம்மா" என்றார் முதலாளி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கரையேறிய செல்வராஜ் ஜாக்கெட்டைக் கழற்றினார். தொப்பையைக் காணோம். கார் நிக்கோபாரில் தினமும் ஓட்டமாம், ராத்திரியில் வெறும் பப்பாளியாம், எழுபத்தொன்பது கிலோவாம். முகமெல்லாம் பெருமை.

"நீங்க சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன் மேடம்!"

காற்றுக்கும் தண்ணீருக்கும் கணக்குப் போட்டுவிடலாம், மனுஷனுக்கு எப்போது ரோஷம் வரும் என்பதற்குத்தான் இன்னும் எந்தச் சூத்திரமும் எனக்குச் சிக்கவில்லை.