இல்லாத பிரேக்

இதோ, இன்னொரு மிதி. வண்டி நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அவள் உட்கார்ந்திருக்கும் பக்கம் பிரேக்கே கிடையாது. ஆனாலும் ரோட்டில் ஒரு நாய் தெரிந்தால் போதும், தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கினால் போதும், மருந்துக்கடை அக்காவின் வலது கால் தரையை ஓங்கி அழுத்திவிடும். மிதித்து மிதித்து அவள் பக்கத்து ரப்பர் மேட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஓட்டுகிற புருஷனின் பக்கத்து மேட்டோ புதுசு மாதிரி பளபளக்கிறது. வெளியாள் பார்த்தால், வண்டியை ஓட்டுவதே அவள்தான் என்று சத்தியம் செய்வான்.

புருஷன் சேர்ந்திருக்கும் கார் கிளப்பில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். வைத்தவர் கிளப்பிலேயே இருக்கும் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயைப் பிளந்து வலியில் கிடக்கும்போது ஜோக் சொல்லிப் பழகியவர். பதில் வராது என்ற தைரியம்.

பயம் அவளுக்குக் காரில் மட்டும் வருவதில்லை. கடையில் மாத்திரை அட்டையை எடுப்பாள், சீட்டைப் பார்ப்பாள், மறுபடி அட்டையைப் பார்ப்பாள், ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள், கவரில் போடுவாள், போட்டதை வெளியே எடுத்து இன்னொரு தடவை பார்ப்பாள்.

"யாருக்குங்க இது? பெரியவங்களுக்கா, குழந்தைக்கா?"

"எனக்குத்தாம்மா."

"உங்களுக்குன்னா, வயசு?"

தலைவலிக்கு மாத்திரை வாங்க வந்தவருக்கு அங்கேயே தலைவலி இரண்டு மடங்காகும். டாக்டரின் கிறுக்கல் புரியாவிட்டால் கவுன்ட்டருக்கு அடியிலும் அந்தக் கால் அழுந்தத் தொடங்கும். போன் போட்டுக் கேட்டு, "இதுகூடப் படிக்கத் தெரியாதா?" என்று திட்டு வாங்கி, சந்தேகம் தீர்ந்த பிறகுதான் கால் மேலே வரும். திட்டு அவளுக்குப் பிரச்சினையே இல்லை. தப்பான மாத்திரையோடு ஒருவர் படியிறங்கிப் போவதுதான் பிரச்சினை.

புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். ஊரிலுள்ள பிரிட்ஜையெல்லாம் குளிர வைத்துவிட்டு, தன் பழைய காரின் இன்ஜின் சூடாகாமல் இருக்கிறதா என்று ராவெல்லாம் கவலைப்படுகிறவன். வண்டி அவர்கள் கல்யாணத்துக்கு முன்பே வந்தது. அதனால் அவள் அதற்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வாளியும் துணியுமாக வாசலுக்குப் போனால் உள்ளேயிருந்து குரல் வரும்: "மூத்தாளக் குளிப்பாட்டியாச்சா? இளையாளுக்கு ஒரு வாய் காபி உண்டா?"

கிளப் வருஷா வருஷம் எங்காவது ஊர் சுற்றக் கிளம்பும். அவளும் வருஷா வருஷம் சாக்கு சொல்லித் தப்பித்துவிடுவாள். ஸ்டாக் எடுக்கணும், முட்டி வலி, அக்கா பெண்ணுக்குப் பரீட்சை. இந்த வருஷம் எல்லை தாண்டி வெளிநாடு என்று முடிவானதும் சாக்கு செல்லவில்லை.

"நீ வந்தே ஆகணும்" என்றான்.

"நான் எதுக்கு? அதான் உங்க மூத்தாள் கூட வர்றாளே."

"விளையாடாத. அந்த நாட்டுல எல்லாரும் ரோட்டுக்கு வலது பக்கமா ஓட்டுவாங்க. நம்ம ஸ்டீயரிங்கும் வலது பக்கம். முன்னால லாரி போச்சுன்னா எனக்கு அதோட முதுகு மட்டும்தான் தெரியும். எதிர்ல என்ன வருதுன்னு உன் சீட்லேர்ந்து பாத்தாத்தான் தெரியும். நீ போங்கன்னா முந்துவேன். வேணாம்னா பின்னாலயே வருவேன். அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதானாம்! 'மெதுவா போங்க' என்று இத்தனை வருஷமாக அவள் சொன்னதில் ஒன்றையாவது காதில் வாங்கியிருப்பானா? இப்போது இரண்டு பேர் உயிரையும் தூக்கி அவள் நாக்கு நுனியில் வைக்கிறான். தப்பான மாத்திரை கொடுத்தால் தெருவில் ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவிடலாம். தப்பாக ஒரு 'போங்க' சொல்லிவிட்டால் எங்கே ஓடுவது?

எல்லை தாண்டிய முதல் டீக்கடையிலேயே பல் டாக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மேட்டின் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "எல்லாரும் வாங்க, வந்து பாருங்க! அக்கா கிணறு தோண்டுறாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போனா தண்ணி வந்துரும்!" கிளப் மொத்தமும் வந்து பார்த்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். வண்டி கிளம்பியதும் தன் பெரிய கைப்பையை எடுத்துக் கால்மேல் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அடியில் நடப்பது யாருக்கும் தெரியாது.

பிறகு வழி நெடுக ஒரே வார்த்தைதான். வேணாம். லாரியா, வேணாம். டிராக்டரா, வேணாம். வைக்கோல் வண்டியா, ஐயோ, வேணவே வேணாம். மற்ற கார்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய், சாப்பிட்டு, கை கழுவி, பல் குத்திக்கொண்டிருக்கும்போது இவர்கள் போய்ச் சேருவார்கள். காரில் மாட்டியிருந்த வாக்கி டாக்கி கரகரக்கும்: "பிரேக் அக்கா, ஓவர். உங்க பின்னால ஒரு தாத்தா சைக்கிள்ல வர்றாராம். பாவம், கொஞ்சம் வழி விடுங்க, ஓவர்."

புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயம். கோபம் வந்தால் அவன் வாய் மூடிக்கொள்ளும், காது மட்டும் சிவக்கும். அவன் பக்கத்து ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் அவள் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கடைசி நாள் திரும்பும் பாதை மலைமேல். வண்டி அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. எல்லைக் கேட்டை மூடுவதற்குள் போய்ச் சேராவிட்டால் மூத்தாளைப் பிடித்துக் கொட்டடியில் போட்டுவிடுவார்கள். எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஏற்றம் தொடங்குவதற்கு முன் அவன் சட்டென்று குனிந்து, அவள் கால்மேல் இருந்த பையைத் தூக்கிப் பின் சீட்டில் எறிந்தான். "இத எதுக்குக் கால்மேல வச்சிட்டு வர்ற?" காது சிவந்துதான் இருந்தது.

மலையில் மாட்டியது ஒரு மர லாரி. அடிமரங்களைச் சங்கிலியால் கட்டி, கர்ப்பிணி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. வாக்கி டாக்கியில் இப்போது ஜோக் வரவில்லை. "நாங்க கேட்டுக்கு வந்துட்டோம். சாத்திருவாங்க போலிருக்கு. எங்க இருக்கீங்க?" பல் டாக்டரின் குரல் நிஜமான மனுஷக் குரலாக இருந்தது.

வளைவு. ரோடு காலியாகத்தான் தெரிந்தது. வளைவுக்கு அப்புறம்? தெரியவில்லை. ஆனால் எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவளால்தான், அவள் ஒருத்தியால்தான் மூத்தாள் கொட்டடிக்குப் போகப்போகிறாள். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டாள்:

"போங்க!"

அவன் போகவில்லை.

"போங்கன்னு சொல்றேன்ல!"

ஸ்டீயரிங் அசையவில்லை. அடுத்த மூச்சில் வளைவின் மறைவிலிருந்து ஒரு பஸ், அவள் கண்ணாடியை உரசுகிற மாதிரி, ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. வண்டி குலுங்கியது. தான் சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால், இந்நேரம்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"என்னைக் கேக்காதீங்க" என்றாள். "சத்தியமா என்னைக் கேக்காதீங்க. கேட் மூடினா மூடட்டும். நான் இனிமே வாயத் திறக்க மாட்டேன்."

"சரி" என்றான்.

சொன்னபடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வளைவு வந்தது, போனது. இன்னொரு வளைவு. பிறகு மலை ஒரு பக்கம் விலகி, ரோடு நேராக, நீளமாக, ஒரு பூச்சிகூட இல்லாமல் கிடந்தது. அவள் பார்த்தாள். சொல்லவில்லை. அவள் பார்த்த அந்த நொடியில் இன்ஜின் உறுமியது. வண்டி இடது பக்கம் பாய்ந்து, லாரியின் முழு நீளத்தையும் விழுங்கி, மறுபடி தன் வரிசைக்கு வந்து ஓடியது.

"ஏங்க! நான் ஒண்ணும் சொல்லலையே!"

"சொன்னியே."

"எப்ப சொன்னேன்? வாயப் பொத்திட்டுல்ல உக்காந்திருந்தேன்!"

அவன் தாடையால் கீழே காட்டினான். மேட்டின் பள்ளம். பக்கத்தில், பள்ளத்தை விட்டு எழும்பி நின்ற அவள் கால்.

"கால எடுத்த" என்றான். "பஸ் வந்தப்ப வாய்தான் போங்கன்னுச்சு, கால் தரைய விட்டு நகரல. உன் வாய் நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பாத்துப் பேசும். எனக்கு அது எதுக்கு?"

"அப்போ இத்தனை நாளும் ஏன் என் வாயக் கேட்டீங்க?"

"பைய வச்சு மூடிக்கிட்டா நான் எதப் பாக்குறது? நான் என்ன எக்ஸ்ரே மெஷினா?"

"அத வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் பல்லுக்காரன் சிரிச்சதுக்கு நீ மூடுன. நான் எடுக்கச் சொன்னா, நானும் உன் கால வேடிக்கை பாக்குறேன்னு அழுவ" என்றவன், காது மறுபடி சிவக்க, ரோட்டைப் பார்த்துக்கொண்டான்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அது கோபத்துச் சிவப்பே இல்லை. அவனும் பயந்துதான் வந்திருக்கிறான்.

கேட்டை ஒரு காவலாளி பாதி இழுத்திருந்தான். மீதிப் பாதியில் பல் டாக்டர் தன் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, ஸ்டார்ட் ஆகவில்லை என்று அவனிடம் நடித்துக்கொண்டிருந்தார். மூத்தாள் வந்ததும் அவர் கார் உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஊர் திரும்பிய பிறகும் கிளப் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறது. அவள் சாக்கு சொல்வதில்லை. இங்கே எல்லாரும் ரோட்டுக்கு இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அவனுக்கே எல்லாம் தெளிவாகத் தெரியும். அவளும் பழையபடி தண்ணீர் பாட்டிலும் டிபன் டப்பாவும் திணித்த பையைக் கால்மேல் வைத்துக்கொண்டுதான் வருகிறாள், கைக்கு எட்டட்டும் என்று. போன வாரம் முன்னால் ஒரு லாரி போனது. எதிரே காலி. அவன் முந்தவில்லை, வேகத்தைக் குறைத்து, பின்னாலேயே போனான்.

"அதான் உங்களுக்கே நல்லாத் தெரியுதே. அப்புறம் என்ன?"

அவன் ஒரே ஒரு தடவை கீழே, அவள் கால் பக்கம் பார்த்தான்.

அவள் குனிந்தாள். பையைக் காலிலிருந்து தூக்கி, திரும்பி, பின் சீட்டில் வைத்தாள்.