கிழியாத தாள்

எனக்கு மூக்குமேல் கோபம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று நான் மறுத்திருக்கிறேன், ஆனால் ஒவ்வொரு முறையும் கத்தித்தான் மறுத்திருக்கிறேன். அந்தக் கோபத்தால் என் மேற்படிப்பு கைநழுவிப் போகவிருந்தது. அந்தக் கதையை இப்போது எழுதலாம். கத்துவதற்கு இன்று எனக்கு மூச்சும் போதவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம், மலாயா. ரப்பர் விலை படுத்துவிட்டது. தோட்டங்களில் ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அப்பா குளுவாங் ஸ்டேஷனில் ரயில்வே கிளார்க். நான் ஆங்கிலப் பள்ளியின் கடைசிப் பரீட்சையைத் தேறிவிட்டு, ரயில்வேயில் எனக்கும் ஒரு மேசை காலியாகும் என்று காத்திருந்தேன். உண்மையில் காத்திருந்தவர் அப்பாதான். எனக்கு ரசாயனப் பித்து. வீட்டில் இருந்த சோடா, சுண்ணாம்பு, புளி எதையும் விட்டுவைக்காமல் கலந்து பார்த்து, அம்மாவின் இரண்டு பாத்திரங்களை ஓட்டையாக்கியிருந்தேன்.

அந்தச் சமயம் காஹாங் போகிற ரோட்டில் இருந்த ஒரு தோட்டத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் இளம் துரை வந்திருந்தார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அவர் காகிதம் பற்றி ஆராய்ச்சி செய்பவர். எரித்தாலும் வெட்டினாலும் மறுபடி முளைத்துத் தோட்டக்காரர்கள் உயிரை வாங்குகிற லாலாங் புல்லிலிருந்து நல்ல காகிதம் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய கேள்வி. தோட்ட நிர்வாகம் ஒரு பழைய ஷெட்டையும் நாலைந்து ஆட்களையும் கொடுத்தது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த உதவியாளர் ஒருவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு நான் போய் நின்றேன். நான் சொன்ன ஓட்டைப் பாத்திரக் கதைகளைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுநாளே வரச் சொன்னார். அன்று முதல் தோட்டத்து ஆட்களுக்கு நான் கிராணி, அதாவது கிளார்க்.

வேலை கேட்க எளிது. புல்லை வெட்டி நறுக்கி, இரும்பு டிரம்மில் காஸ்டிக் சோடாவோடு வேகவைக்க வேண்டும். வெந்த கூழை ஓடைத் தண்ணீரில் அலசி, கொஞ்சம் ஆசிட் விட்டுக் காரம் போக்கி, இடித்து, பெரிய தொட்டியில் கரைக்க வேண்டும். பிறகு கம்பிச் சல்லடை போட்ட சட்டத்தைத் தொட்டியில் முக்கி எடுத்தால், தண்ணீர் வடிந்து மெல்லிய ஏடு சட்டத்தில் நிற்கும். அதைத் துணியில் கவிழ்த்து, அழுத்தி, உலர்த்தினால் தாள். தாள் என்னவோ வந்தது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாலு முறை மடித்து நிமிர்த்தினால் மடிப்போடு கிழிந்துவிடும். துரை ஒவ்வொரு தாளையும் மடித்து, கிழித்து, பெருமூச்சு விடுவார். நான் நோட்டில் எழுதுவேன்.

சட்டம் முக்குகிற வேலைக்கு ஒரு பெண் இருந்தார். முப்பது வயதிருக்கும். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், அதாவது மரத்துப் பாலை ரப்பராக்குகிற கொட்டகையில், ஒன்பது வருஷம் வேலை செய்தவர். ஆள்குறைப்பில் அங்கிருந்து எடுத்து இங்கே போட்டிருந்தார்கள். கை அவ்வளவு சீராக இருக்கும், அவர் முக்கி எடுத்த தாளில் மேடு பள்ளம் இருக்காது. வாயும் சும்மா இருக்காது. நான் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழைத் திரும்பப் பேசிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்கவைப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

ஒருநாள் துரை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த விவசாயக் கல்லூரியில் ரசாயனம் சொல்லித்தரும் ஒருவரும் இன்னும் இரண்டு பேரும் ஷெட்டைப் பார்க்க வரப்போகிறார்களாம். வேலை அவர்களுக்குப் பிடித்தால் எனக்கு அங்கே கட்டணச் சலுகையோடு ஓர் இடம் கேட்க முடியுமாம். அன்று ராத்திரியே அப்பாவிடம் சொன்னேன். "வரட்டும் பாப்பம். வரேல்லையெண்டால் ரயில்வே இருக்கு" என்றார். அந்த ரயில்வே என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மேசைக்கடியில் கால் விலங்கு தெரியும்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஷெட்டுக்குள் நுழைந்தேன். தொட்டித் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. புளித்த வாடை வேறு. அந்தப் பெண் சட்டத்தை முக்கிக்கொண்டிருந்தார், ஏழெட்டுத் தாள்கள் ஏற்கெனவே துணியில் ஏறியிருந்தன. அழுக்குத் தண்ணீரைத்தான் கலந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

"கண் தெரியேல்லையோ உனக்கு? நல்ல தண்ணி அள்ளு எண்டு எத்தினை தரம் சொன்னனான்? இன்னொருக்கா இப்பிடிச் செய்தியெண்டால் வேலையை விட்டே அனுப்பிப்போடுவன்!"

ஷெட்டில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். ஆட்களை மேய்க்கிற மண்டோர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. நான் தொட்டியை என் கையாலேயே சாய்த்து ஓடையில் விட்டேன்.

மறுநாள் காலையில் துரை உலர்ந்த தாள்களை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாளை மடித்தார், நிமிர்த்தினார். மறுபடி மடித்தார். நானும் எண்ணிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். தாள் கிழியவில்லை. இழுத்தார், நனைத்தார், கசக்கினார். "பாகுஸ்! பாகுஸ்!" என்று, பிரமாதம் என்பதைத் தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, இந்தக் கூழில் என்ன மாற்றினாய் என்று கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். ஒன்றும் மாற்றவில்லை. நேற்று நான் கொட்டிய கூழில் வந்த தாள் என்று மட்டும் தெரிந்தது. துரையின் முகம் வாடிவிட்டது. ஒரே ஒரு தடவை வந்தது ஆராய்ச்சி ஆகாது, வருகிறவர்கள் முன்னால் திரும்பச் செய்து காட்ட வேண்டும், முடியாவிட்டால் இந்தத் தாளை அவர்களிடம் காட்டவே மாட்டேன் என்றார்.

நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

மூன்று வாரம் நாய் படாத பாடு பட்டேன். சோடாவைக் கூட்டினேன், குறைத்தேன். அதிக நேரம் வேகவைத்தேன். ஓடையின் மேல்பக்கத் தண்ணீர், கீழ்பக்கத் தண்ணீர், மழைத்தண்ணீர் எல்லாம் அள்ளினேன். அழுக்குத் தண்ணீர்தான் காரணமோ என்று கலங்கல் தண்ணீரைக்கூட ஊற்றிப் பார்த்தேன். நாலு மடிப்பு, ஐந்து மடிப்பு, டர்ரென்று கிழிந்தது. அந்தப் பெண் நான் சொன்னதை எல்லாம் செய்தார். கேட்டதற்கு மட்டும் அதே பதில். அவருக்கு என்னவோ தெரியும் என்பது எனக்குத் தெரிந்துபோயிற்று. சொல்ல ஏன் பயப்படுகிறார் என்பதும் கடைசியில் புரிந்தது. மறுபடி செய்தால் வேலை போகும் என்று சொன்னது நான்தானே!

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவரிடம் போனேன். "அண்டைக்கு நான் கத்தினது பிழை. மனசில வச்சிருக்காதேங்கோ" என்றேன். எனக்கு அதுவே மலையைப் புரட்டின மாதிரி.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏசுனது நாலு பேரு முன்னால. மன்னிப்பு மட்டும் தனியாவா கிராணி?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. தோட்டத்துக் கூலிப் பெண்ணிடம் எங்கள் வீட்டு ஆள் யாரும் மன்னிப்புக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. விடுவிடென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். ரோட்டில் பாதித் தூரம் அவரைத் திட்டிக்கொண்டு போனேன். மீதித் தூரம் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை, அவர் கேட்டது நியாயம்.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற இடத்துக்குப் போனேன். மண்டோரிடம் ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னால் நின்றேன். "மூண்டு கிழமைக்கு முன்னம் இவவை நான் எல்லாருக்கும் முன்னால பிழையாப் பேசினனான். பிழை என்ரை. இவவின்ரை வேலைக்கு ஒண்டும் வராது" என்றேன். யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். மண்டோர் மீசைக்குள் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சரி, ஷெட்டுக்கு வாங்க" என்று முன்னால் நடந்தார்.

நடந்தது இதுதான். அன்று ஷெட் வாளி ஒழுகியது. பக்கத்து ஸ்டோரிலிருந்து ஒரு வாளி வாங்கிவந்தார். அதன் அடியில் ரப்பர் பால் கொஞ்சம் தங்கியிருந்ததைக் கவனிக்காமல் அலசிய கூழைப் போட்டுவிட்டார். தொட்டியில் கொட்டிக் கலக்கியதும் தண்ணீர் பால் வெள்ளையாகிவிட்டது. ஸ்டோரில் ஒன்பது வருஷமாக அவர் செய்த வேலை, தொட்டியில் வெள்ளையைக் கண்டால் ஆசிட் ஊற்றுவது. ஆசிட் ஊற்றினால் பால் உறையும்.

"யோசிக்கவே இல்லைங்க. கை தானா ஜாடிய எடுத்து ஊத்திருச்சு. ஊத்துன பெறகுதான் இது ஸ்டோரு இல்லையேன்னு நெனப்பு வந்துச்சு. கொட்டுனா ஏசுவீங்கன்னு தாளாப் போட்டேன். அதுக்கும் ஏசுனீங்க."

பால் புல்நாரின்மேல் உறைந்து ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கிறது! ரப்பர் நாட்டிலேயே வளர்ந்தும் நான் ஒருநாளும் ஸ்டோருக்குள் கால் வைத்ததில்லை. உறைந்த ரப்பர்த் துணுக்கைக் கண்ணெதிரே பார்த்து அழுக்கு என்றிருக்கிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

அன்று முதல் அவர் பாலை ஊற்றுவார், நான் அளப்பேன், வந்த தாளைத் தராசில் நிறுப்பேன். பால் அதிகமானால் கட்டி தட்டியது, ஆசிட் முந்தினால் தாளில் ஓட்டை விழுந்தது. "கொஞ்சம் பொறுங்க, இன்னும் வெளுக்கணும்" என்பார், நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். ஒரு வாரத்தில் எப்போது செய்தாலும் கிழியாத தாள் வந்தது. அந்த வாரம்போல் சந்தோஷமான வாரம் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

பார்வையாளர்கள் வருகிற அன்று காலை துரை என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். திட்டமிட்டுப் பாலைக் கலந்து பார்த்தோம் என்றே சொல், வாளிக் கதை எல்லாம் எதற்கு, தற்செயலுக்கு யாரும் படிப்பில் இடம் கொடுக்கமாட்டார்கள் என்றார். அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார். நானும் தலையாட்டினேன்.

மூவரும் வந்தார்கள். அந்தப் பெண் சட்டத்தை முக்கினார். நான் விளக்கினேன். அவர்களே அழுத்தி, வெயிலில் உலர்த்தி, மடித்துப் பார்த்தார்கள். கல்லூரிக்காரர், மெல்லிய கண்ணாடி போட்டவர், தாளைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். ரப்பர்ப் பாலைச் சேர்க்கலாம் என்று உனக்கு எப்படித் தோன்றியது?

துரை என்னைப் பார்த்தார். எனக்குத் தோன்றியது என்று சொல்ல ஒரு விநாடி போதும், சொன்னால் இடம் கையில். ஆனால் அந்தப் பெண் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு முழத் தூரத்தில் நின்றார். என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குத் தோன்றவில்லை, இவருடைய கைக்குத் தோன்றியது என்று ஆரம்பித்து, வாளி, ஆசிட், மூன்று வாரத் தேடல் எல்லாம் சொன்னேன். மூன்று வாரம் ஏன் வீணாயிற்று என்று கல்லூரிக்காரர் கேட்டார். நான் இவர்மேல் கத்தினேன், அதனால் இவர் மறைத்தார், கூழையும் நானே கொட்டினேன் என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. சின்னப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டார்.

அவர்கள் காரில் ஏறிப் போனதும் துரை தொப்பியை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண் கிட்டே வந்தார்.

"என்னைக் காட்டி என்னமோ சொன்னீங்களே. மறுபடியும் ஏசுனீங்களா?"

"இல்லை. நீங்கள்தான் கண்டுபிடிச்சது எண்டு சொன்னனான்."

"அப்ப ஒங்க படிப்பு?"

"போச்சுப் போல கிடக்கு."

"அலமாக்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல நீங்க!" அப்போதும் திட்டு எனக்குத்தான்.

ஒரு மாதம் ஒன்றும் வரவில்லை. அப்பா ரயில்வே விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். நான் பாதி நிரப்பியிருந்தபோது துரை தானே குளுவாங்குக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். அடுத்த தவணையில் எனக்கு இடம். காரணம் ஒன்றும் எழுதவில்லை. அம்மா என் தலையைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா கடிதத்தை மூன்று முறை படித்தார், பிறகு விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஷெட்டுக்குப் பறந்தேன். செய்தியைக் கேட்டதும் அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பானார். ஈரக் கையாலேயே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

"நீங்க போயிட்டா யாரு நிறுக்கிறது? யாரு எழுதுறது?"

"துரை வேறை ஒருவரைப் பாப்பார்."

"அந்த வேறை ஒருத்தருக்கும் நான்தானே எல்லாத்தையும் சொல்லணும்? எப்ப ஊத்தணும், எப்ப நிறுத்தணும்னு? அதுக்கு எனக்கே சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. தராசு பாக்கறது என்ன பெரிய வித்தையா?"

இத்தனை மாதம் ஒரே ஷெட்டில் நின்றும் எனக்கு அந்த எண்ணம் வந்ததே இல்லை. வெட்கமாக இருந்தது. அன்றே தராசை மேசைக்கு இழுத்து, எடைக்கற்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் ஒரு தாளைத் தட்டில் வைத்தார், முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், எடையைச் சொன்னார். நான் குனிந்து பார்த்தேன். சரியாக இருந்தது. வழக்கம்போல் நோட்டை என் பக்கம் இழுத்து எழுதப் போனேன்.

அவர் நோட்டின்மேல் கையை வைத்தார். "பென்சிலைக் குடுங்க. எப்படிப் போடணும்னு காட்டுங்க, நான் எழுதுறேன்" என்றார்.