முயல் கணக்கு

எங்கள் வீட்டில் வேதியியலைப் புரிந்துகொண்ட முதல் ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. நம்பாதவர்கள் அக்காவைக் கேட்டுக்கொள்ளலாம்.

அக்கா பிளஸ் ஒன் வேதியியலில் கோட்டை விட்டிருந்தாள். துணைத்தேர்வும் போய்விட்டால், ஓசூரில் அம்மா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே அவளையும் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அதிலிருந்து வீட்டில் டிவி கிடையாது, நான் வாயே திறக்கக் கூடாது. அக்கா மட்டும் மோல் பின்னம், மோல் பின்னம் என்று முனகிக்கொண்டிருப்பாள்.

அம்மா பேரிகைப் பக்கத்துக் கன்னடக்காரி. வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம்தான். கன்னடத்தில் மொல என்றால் முயல். போயும் போயும் முயல் பாடத்தில் ஃபெயிலாகிவிட்டாளே என்று எனக்கு ஒரே பரிதாபம்.

ஒரு நாள் ஒரு கணக்கு அவளைப் படுத்தி எடுத்தது. ஒரு கிலோ தண்ணீரில் ஒரு கிலோ சர்க்கரையைக் கரைத்தால் சர்க்கரையின் மோல் பின்னம் எவ்வளவு? அக்கா மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் பாதி என்று வந்தது. விடைப் பக்கத்திலோ இருபதில் ஒன்று என்றிருந்தது. புத்தகத்தை விசிறியடித்துவிட்டு அழுதாள்.

இதில் முயல் எங்கே என்று கேட்டேன். தண்ணீர்த் துகள் சின்னது, அதுதான் முயல். சர்க்கரைத் துகள் பெரிசு, அது யானை. மொத்தத் தலையில் யானைத் தலை எத்தனை பங்கு, அதுதான் மோல் பின்னம். போதுமா, தொலைந்து போ என்று எரிந்து விழுந்தாள்.

நான் தொலையவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே எடைன்னா, ஒரு யானைக்கு எதிர்ல முயல் நெறைய நிக்கணுமேக்கா. தலையை எண்ணினா எப்பிடி பாதிக்குப் பாதி வரும்?"

அழுகை சட்டென்று நின்றது. புத்தகத்தை எடுத்து வந்து வகுத்துப் பார்த்தாள். ஒரு சர்க்கரைத் துகள் பத்தொன்பது தண்ணீர்த் துகள்களின் எடை இருந்தது. ஒரு யானை, பத்தொன்பது முயல், மொத்தம் இருபது தலை.

"இவ்வளவு நாளா எடை போட்டுக்கிட்டே இருந்திருக்கேன்டி. எண்ணவே இல்லை" என்றாள்.

துணைத்தேர்வில் வேதியியலில் எழுபத்தெட்டு! அக்கா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு லைன் வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து கூடை நிறைய மாம்பழம் வாங்கி வந்து முதல் பழத்தை என் கையில் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அம்மா கம்பெனியிலிருந்து ஒரு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி வந்தாள். தேர்வுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்களாம். மூலையில் அக்காவின் போட்டோ ஒட்டியிருந்தது. அம்மா அதைப் பொடிப்பொடியாகக் கிழித்துவிட்டுச் சிரித்தாள். அந்த போட்டோவில் அக்கா எவ்வளவு அழகாக இருந்தாள்! அதையாவது எனக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒரு வாரம் நான் அம்மாவோடு பேசவே இல்லை.