டைல்ஸா, பாத்ரூமா

எனக்குப் பல வருடமாக ஒரு கோபம் உண்டு. வீட்டை விற்கப்போகிறவன் மேஸ்திரியான என்னைக் கூப்பிட்டு, "இவ்ளோ செலவு பண்ணா வெலையில திரும்பி வருமா?" என்பான். நான் என்ன ஜோசியனா? வராவிட்டால் பழி மட்டும் என் தலையில்.

மரகதம் அக்காவும் அப்படித்தான் ஆரம்பித்தாள். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினாறு வருடம் சாதம் வடித்தவள். வேலையை விட்டபோது கைக்கு வந்தது நாலு லட்சம். வேறு காசு கிடையாது. அதைப் போட்டு நாலு ரூம் வீட்டைச் சீர்செய்து விற்றுவிட்டு, மகள் ஊருக்குப் போக நினைத்தாள். ஆனால் அவள் தெருவில் நிலம் விற்றிருக்கிறார்கள். வீடு விற்றவர் எவருமில்லை. எதைப் பார்த்து விலை சொல்வது?

"டைல்ஸ் போடுக்கா, பளிச்சுனு இருக்கும்" என்றேன்.

அவள் கேட்கவில்லை. ஒரு வாரம் வாசலில் போர்டு தொங்கியது: 'டைல்ஸ் போட்ட ரூம் வாடகைக்கு.' அடுத்த வாரம்: 'தனி பாத்ரூம், பைக் நிறுத்த இடம்.' அதில் எதுவுமே அங்கே இல்லை.

"இன்னாக்கா, பொண்ணு பாக்காமயே மண்டபம் புக் பண்றியா?"

"மண்டபம் கெடைக்குமான்னு பாத்துட்டு தான்டா பொண்ணு பாக்கறேன்."

போன் செய்தவர்களிடம் ஒளிக்கவில்லை. "இன்னும் கட்டலப்பா. கட்னா இன்னா வாடகை குடுப்ப?" என்று கேட்டாள். முதல் வாரம் மூன்று பேர். இரண்டாவது வாரம் இருபத்திரண்டு. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன் இசக்கிபாண்டி நேரிலேயே வந்துவிட்டான்.

"பைக்க உள்ள விடலாம்லா பெரியம்மா? வெளிய நிறுத்துனா பெட்ரோல உருவிருதானுவ. மாசம் ஆயிரத்தி ஐநூறு கூடுதலாத் தாரேன்."

பிறகு புரோக்கர் வெங்கடேசனைப் பிடித்தாள். "வாடகைக்கு வுட வாங்கறவன், எத்தினி வருச வாடகைய வெலையா குடுப்பான்?"

"பன்னெண்டு வருசம். மேல போவமாட்டான்."

ரூமுக்கு மாதம் ஆயிரத்து ஐநூறு வீதம் நாலு ரூமுக்கும் கூடுகிற வாடகையைப் பன்னிரண்டு வருடத்துக்குப் பெருக்கினோம். எட்டரை லட்சம் தாண்டியது; போடப்போவதோ நாலு லட்சம். நான் மறுபடி பெருக்கிப் பார்த்தேன். அதேதான். டைல்ஸ் பேச்சை நான் எடுக்கவில்லை.

நாலு பாத்ரூமும் பின்னால் எழுந்தன. பூச்சு முடிந்த அன்று வாசலில் வந்து நின்றாள். மூன்று படி, நல்ல உயரம்.

"மேஸ்திரி, இந்தப் படிய இடிச்சிட்டு சரிவாப் போட்டுக் குடு. பைக் ஏறணும்."