அந்தக் கறுப்பு நிறம் எதால வந்தது?

இண்டைக்கு வெள்ளிக்கிழமை. அட்லிஸ்வில் கோயிலில முருகனைக் கும்பிட்டுவிட்டு, மருமகளோட ஸ்டேஷனடித் தாய்லாந்துக் கடைக்குப் போனன். "மரக்கறி நூடுல்ஸ் இருக்கு மாமா. வெள்ளியில நான் மத்தியானம் இங்கதான் சாப்பிடுறனான்" எண்டா.

ரெண்டு பேருக்கும் வந்த நூடுல்ஸ் நல்ல கறுப்பு.

எனக்கு வாசிக்கத் தெரியாது. எதையும் கேட்டுத்தான் சாப்பிடுவன். இந்த நாட்டுக்கு வந்த புதுசில, அகதி முகாமில மரக்கறிச் சூப் எண்டு தந்ததில பன்றித் துண்டு மிதந்ததை நான் இன்னும் மறக்கேல்லை.

"இந்த நிறம் எதால வந்தது?" எண்டு பரிமாறின பிள்ளையிட்ட எனக்குத் தெரிஞ்ச டொச் பாஷையில கேட்டன்.

"சோயா."

"சோயா மட்டுமோ?"

மருமகள் என்ர கையைப் பிடிச்சா. "மாமா, விடுங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

சமைக்கிற தாய்லாந்து அம்மா வெளியில வந்து ஒளிக்காமல் சொன்னா. கறுப்புச் சோயாவோட சிப்பிச் சாறும் விடுறவவாம், அப்பதான் நிறமும் மினுக்கமும் வருமாம்.

"கொஞ்சம்தானே" எண்டாள் பரிமாறின பிள்ளை.

"கொஞ்சமெண்டாலும் சிப்பி சிப்பிதான். வேறெதால நிறம் வரும்?"

"புளியும் பனங்கட்டியும்" எண்டா அந்த அம்மா.

"அதைப் போடுங்கோ. மீன் சாறும் வேண்டாம்."

மண்நிறத்தில புதுசா வந்தது. வடிவாச் சாப்பிட்டன். நிமிர்ந்து பாத்தால், மருமகளின்ர கறுப்பு நூடுல்ஸ் ஏற்கெனவே பாதி முடிஞ்சிருக்கு.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறதும் அவதான். "இந்தத் துண்டு வேண்டாம் மாமா" எண்டா. "எழுது பிள்ளை" எண்டன்.

வெள்ளிக்கிழமை சைவக்காரர், நீங்கள் கேட்டனீங்களோ, இல்லாட்டி சனம் பாக்குதெண்டு விழுங்கினனீங்களோ?